சிகிச்சையில் இருந்தவர் தற்கொலை செய்துகொண்டால் மனநல மருத்துவர்மீது வழக்குப் போட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: 26 வயதுத் தம்பி, கடுமையான மனச்சோர்வு, ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் பத்து நாள் உள்நோயாளி. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கெஞ்சியும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் உயிரை மாய்த்துக்கொண்டான். டாக்டர்மீது கேஸ் போட முடியுமா, போட்டால் ஜெயிக்குமா என்கிறீர்கள். போட முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஜெயிக்குமா என்பதற்கு, நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: “அவர் நினைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் இல்லையா?” உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். சங்கடம் என்னவென்றால், இதை நீதிமன்றம் கேட்பதில்லை. அந்த டாக்டர் அன்றைக்குத் தெரிந்த விஷயங்களை வைத்து ஒழுங்காகப் பார்த்தாரா, யோசித்தாரா, யோசித்தபடி நடந்தாரா என்பதைத்தான் அது கேட்கும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வழக்கு முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கும்.

நான் மனநல மருத்துவன். அரசு மருத்துவக் கல்லூரியில் பல வருடம் வேலை பார்த்தவன். நுகர்வோர் ஆணையங்கள் “இதில் அலட்சியம் உண்டா” என்று கேட்டு அனுப்பும் கோப்புகளைப் படித்துக் கருத்து எழுதும் குழுக்களில் இருந்திருக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டப் பிரிவுகளை வேலையில் உரசியதால் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான் சொல்ல முடியும். மனுவை எழுத வேண்டியவர் ஒரு வக்கீல்தான். உங்கள் தம்பியின் டாக்டர் சரியா தப்பா என்றும் சொல்லப் போவதில்லை. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அதைச் சொல்பவரை நீங்கள் நம்பவும் கூடாது.

அலட்சியம் என்பதற்கு இந்திய நீதிமன்றங்கள் இன்றும் கையில் எடுக்கும் அளவுகோல் 1957-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அது ஒரு மனநல மருத்துவமனை வழக்கிலிருந்துதான் வந்தது என்பது பல வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை. லண்டனில் ஃப்ரையர்ன் மருத்துவமனையில் மனச்சோர்வுக்காகச் சேர்ந்த ஒருவருக்குத் தசைத் தளர்வு மருந்து கொடுக்காமல் மின்அதிர்வு சிகிச்சை கொடுத்தார்கள். வலிப்பு வந்த வேகத்தில் இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதில் அன்றைய மருத்துவர்களே இரண்டு கட்சியாக இருந்தார்கள். பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் சரி என்று ஏற்கும் முறையில் நடந்த டாக்டர், வேறொரு சாரார் மாற்றுக் கருத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அலட்சியக்காரர் ஆகிவிட மாட்டார் என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். நோயாளி தோற்றார். அவர் பெயரால் இதற்குப் போலம் அளவுகோல் என்று பெயர். வேடிக்கை பாருங்கள், அன்று தப்பில்லை என்று விடப்பட்ட அதே காரியத்தை, அதாவது தசைத் தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் மின்அதிர்வு கொடுப்பதை, நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. அளவுகோல் மட்டும் நிற்கிறது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதையே ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப் போவது இதுதான்: பத்து நாளில் தேறிய நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது பல மனநல மருத்துவர்கள் செய்வதுதான்.

அடுத்து அவர்கள் சொல்லப் போவது, தற்கொலையை முன்கூட்டியே கணிக்க முடியாது என்பது. இதில் பெரும்பகுதி உண்மை, அதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் போகோர்னி என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையில் சேர்ந்த 4,800 முன்னாள் படைவீரர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 67 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அன்றைக்கு இருந்த அளவீடுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தும் அந்த 67-இல் 35 பேரைத்தான் ஆபத்துப் பட்டியலுக்குள் கொண்டுவர முடிந்தது. அந்தப் பட்டியலில் தற்கொலை செய்துகொள்ளாத 1,206 பேரும் இருந்தார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மதிப்பெண் போடும் படிவங்களை வைத்து யார் தற்கொலை செய்துகொள்வார் என்று கணிக்காதீர்கள் என்றே பிரிட்டனின் அதிகாரபூர்வ வழிகாட்டி 2022-இல் மருத்துவர்களுக்குச் சொல்கிறது. ஆகவே “டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்ற வாதம் தனியாக நிற்காது. கணிப்பு பொய்த்துப் போனது அலட்சியம் ஆகாது. கணிக்க உட்காரவே இல்லை என்றால், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்றால், வீட்டார் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்றால், அது வேறு கதை.

அந்த வேறு கதைக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் ரபோன் வழக்கு. உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 24 வயதுப் பெண், மனச்சோர்வு, முன்பே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர். 2005 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் நகர மருத்துவமனையில் தானாகச் சம்மதித்துச் சேர்ந்திருந்தார். கட்டாயத்தில் வைக்கப்பட்டவர் இல்லை. சேர்ந்து ஒரு வாரம் கழித்து, வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். பெற்றோருக்குப் பயம், வேண்டாம் என்று தங்கள் கவலையைச் சொன்னார்கள். மருத்துவர் இரண்டு நாள் விடுப்பு கொடுத்து அனுப்பினார். மறுநாளே அவர் இறந்துபோனார். வழக்கில் கேள்வி எழுந்தது: அன்றைக்கு ஆபத்து எவ்வளவு இருந்தது? நிபுணர்களின் மதிப்பீடு, விடுப்பில் போன அன்று சுமார் 5 சதவீதம், மறுநாள் 10, அதற்கடுத்த நாள் 20. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிற வாய்ப்பு இருக்கும்போது உடனடி ஆபத்து என்று எப்படிச் சொல்வீர்கள் என்றார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் பெற்றோர் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் மாற்றிச் சொன்னது: ஆபத்து உண்மையானதாக இருந்தால் போதும், ஐம்பது சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. தானாகச் சேர்ந்தவர் என்றாலும், அவர் பிடிவாதமாகக் கிளம்பியிருந்தால் சட்டப்படி நிறுத்திவைக்கும் அதிகாரம் மருத்துவமனையிடம் இருந்தது, அதனால் பொறுப்பும் இருந்தது. பொறுப்புள்ள எந்த மனநல மருத்துவரும் அந்த விடுப்பைக் கொடுத்திருக்க மாட்டார் என்று நிபுணர் சாட்சியமும் இருந்தது. ஏழு வருடப் போராட்டத்துக்குப் பிறகு பெற்றோர் ஆளுக்குக் கிடைத்த தொகை 5,000 பவுண்டு. அவர்கள் பணத்துக்காகப் போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. அது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் அடிப்படையில் வந்தது. ஆனால் உங்கள் வழக்குக்குத் தேவையான கேள்விகளை அது அழகாக வரிசைப்படுத்துகிறது, அவற்றுக்கு நம் சட்டத்திலேயே இணையான இடங்கள் இருக்கின்றன. முதல் கேள்வி, உங்கள் தம்பி எந்த வகையில் சேர்க்கப்பட்டிருந்தான்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 86-ஆம் பிரிவின்படி தானாகச் சம்மதித்துச் சேர்ந்தவன் என்றால், அவன் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால் டாக்டர் அனுப்பியாக வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வான் என்பது போன்ற அறிகுறி இருந்தால் 24 மணி நேரம் நிறுத்திவைத்து, 89-ஆம் பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். 89 என்பது நோயாளி நியமித்த பிரதிநிதியோ, அப்படி யாரும் இல்லையென்றால் அந்த இடத்தில் வரும் உறவினரோ விண்ணப்பம் கொடுத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, 30 நாள் வரை வைத்திருக்கக்கூடிய முறை. அம்மா கெஞ்சினார் என்பதற்காக மட்டும் ஒரு வயதுவந்த ஆளை உள்ளே வைத்திருக்க இன்றைய சட்டம் அனுமதிக்காது. பழைய நினைப்பில் பல குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. ஆனால் அம்மா சொன்னது தகவல். “ராத்திரி தூங்குவதில்லை, செத்துப்போறேன்னு சொல்றான்” என்று அவர் சொல்லியிருந்தால், அந்த 24 மணி நேர அதிகாரத்தைப் பயன்படுத்தலாமா என்று டாக்டர் யோசித்தாரா இல்லையா என்பது நேரடியாக வழக்குக்குள் வருகிறது.

இரண்டாவது, அதே சட்டத்தின் 98-ஆம் பிரிவு. பெரும்பாலானோர் கவனிக்காத பிரிவு, உங்களுக்கு மிக முக்கியமானது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, பொறுப்பில் உள்ள மனநல மருத்துவர் நோயாளியிடமும் அவர் போய் இருக்கப்போகும் வீட்டாரிடமும் கலந்து பேசி, இனிமேல் சிகிச்சை எப்படி நடக்கும் என்று ஒரு திட்டம் போட வேண்டும் என்கிறது. மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகமான காலம். இது எங்கள் துறையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று. ஆகவே அனுப்பியது சரியா என்ற கேள்வியைவிட, எப்படி அனுப்பினார்கள் என்ற கேள்வியில் உங்கள் பிடி உறுதியாக இருக்கக்கூடும். அடுத்து எப்போது வரச் சொன்னார்கள்? ஒரு வாரத்திலா, ஒரு மாதத்திலா? வீட்டில் என்ன அறிகுறி தெரிந்தால் உடனே கூட்டி வரவேண்டும் என்று யாராவது சொன்னார்களா? இரவில் அழைக்க ஒரு நம்பர் கொடுத்தார்களா? மாத்திரையை யார் கையில் வைத்திருக்கச் சொன்னார்கள்? மொத்தமாக ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்களா, சில நாளுக்கா? டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பட்டியலும் “ரிவ்யூ ஆஃப்டர் ஒன் மன்த்” என்ற ஒரு வரியும் மட்டும் இருந்தால், அதை விளக்க வேண்டிய பாரம் அவர்கள் பக்கம் போகும்.

இதெல்லாம் தெரியவேண்டுமானால் கேஸ் ஷீட் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது கடைசி நாளில் யாரோ ஒரு ஜூனியர் டாக்டர் உட்கார்ந்து தொகுத்தது. முழுக் கோப்பில் சேர்க்கைப் படிவம், டாக்டரின் தினக் குறிப்பு, நர்ஸ் நோட்ஸ், மருந்து அட்டவணை, உளவியலாளரின் குறிப்பு, கையெழுத்து வாங்கிய எல்லாத் தாள்களும் இருக்கும். நான் முதலில் படிப்பது நர்ஸ் நோட்ஸைத்தான். ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஒரு செவிலியர் எழுதியிருந்தார்: நோயாளி தூங்கவில்லை, வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறார், தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கொடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் எழுதியது: “நோ ஃப்ரெஷ் கம்ப்ளெயின்ட்ஸ். சி.எஸ்.டி.” அதாவது புதிதாக ஒன்றுமில்லை, அதே சிகிச்சையைத் தொடரவும். மறுநாள் டிஸ்சார்ஜ். கைப்பொருளை எடுத்துக் கொடுப்பது ஆபத்தின் அறிகுறி என்று பாடப் புத்தகம் படித்த எவருக்கும் தெரியும். அந்த டாக்டர் செவிலியர் குறிப்பைப் படித்தாரா என்பதற்குக் கோப்பில் எந்தத் தடயமும் இல்லை. எங்கள் குழு தன் கருத்தை அந்த இரண்டு வரிகளின்மீதுதான் கட்டியது.

இதற்கு நேர்மாறான கோப்புகளும் வந்திருக்கின்றன. ஒன்றில் டாக்டர் அரைப் பக்கம் எழுதியிருந்தார்: இன்று தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டேன், இப்படிச் சொன்னார், அக்காவிடம் தனியாகப் பேசினேன், அவர் பயம் இன்னது, தொடர்ந்து வைத்திருந்தால் நன்மை இன்னது, நோயாளி வேலையை இழக்கும் நிலை, ஆகவே அனுப்புகிறேன், நான்காம் நாள் வரச் சொல்லியிருக்கிறேன், அக்கா கூடவே தங்குவார். அந்த நோயாளியும் இறந்துபோனார். குடும்பத்தின் துயரம் முந்தைய குடும்பத்தின் துயரத்தைவிட ஒரு துளியும் குறைவில்லை. ஆனால் அலட்சியம் என்று எங்களால் எழுத முடியவில்லை. முடிவு தவறாகப் போனது, முடிவெடுத்த விதம் தவறில்லை.

கேஸ் ஷீட்டை எப்படி வாங்குவது என்றால், எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே ஆணையத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசும். எல்லாப் பக்கத்திலும் எண் இருக்கிறதா, பத்து நாளும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிகிறதா, பத்திக்கு நடுவே சின்ன எழுத்தில் “நோ சூசைடல் ஐடியாஸ்” (தற்கொலை எண்ணம் இல்லை) என்று செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பவத்துக்குப் பிறகு திருத்திய பதிவு, சுமாரான வழக்கைக்கூட மருத்துவமனைக்குத் தோற்கடித்துவிடும். உங்கள் பக்கத்துப் பத்திரங்களையும் சேருங்கள்: அம்மா டாக்டருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அழைத்த நேரங்கள், மருந்துக்கடை பில், எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. அம்மா வாயால் கெஞ்சினார் என்பதை அவர்கள் மறுப்பார்கள். ஒரு செய்தி, ஒரு குரல் பதிவு இருந்தால் மறுக்க முடியாது. தம்பியின் போனை யாரும் அழித்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். அதில் இருப்பது உங்களுக்குச் சாதகமாக மட்டும்தான் இருக்கும் என்றில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

உறுதியில்லாத பகுதிக்கு வருகிறேன். அலட்சியம் என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அந்த அலட்சியத்தால்தான் மரணம் நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். தற்கொலை வழக்குகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது? சண்டை ஏதாவது, கடன்காரர் போன், மாத்திரையை நிறுத்தியது, குடி? எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றையும் தோண்டுவார். இரக்கமில்லாமல் தோண்டுவார், அம்மாவைக் கூண்டில் நிற்கவைத்து, நீங்கள் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பார். நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளியோடு அட்டெண்டராக வீட்டு ஆள் ஒருவர் தங்குவது வழக்கம் என்பதால், உள்ளே நடந்த மரணத்தில்கூட “கூட இருந்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்” என்று பழியை அந்தப் பக்கம் தள்ளுகிற வாதம் வரும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், வீட்டில் இருந்தபடி சிகிச்சை பெற்ற ஒருவரின் மரண வழக்கில், தவறில் 90 சதவீதம் இறந்தவருடையது, 10 சதவீதம்தான் மருத்துவர் தரப்புடையது என்று ஜூரி பங்கு பிரித்தது. 2011-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றதால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நோயே அவரை அப்படிச் செய்யவைத்தது என்றிருக்கும்போது இந்தப் பங்கு பிரிப்பு எனக்கு ஏற்பாக இல்லை. ஆனால் உள்ளே இருந்த நோயாளிக்கும் வீட்டில் இருந்த நோயாளிக்கும் நீதிமன்றங்கள் வித்தியாசம் பார்க்கின்றன என்பது உண்மை. உங்கள் தம்பி இரண்டுக்கும் நடுவில் இருந்தான். அந்த ஐந்து நாளில் நீங்கள் யாராவது மருத்துவமனைக்குப் போன் செய்து “மறுபடி மோசமாகிறான்” என்று சொல்லியிருந்து, அவர்கள் “அடுத்த ரிவ்யூவில் பார்க்கலாம்” என்றிருந்தால், காரணத் தொடர்பு மிக வலுவாகிவிடும். உங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லை. நடந்திருந்தால் முதலில் வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர், மாத்திரையால்தான் இப்படி ஆகியிருக்கும், அதை வைத்துக் கேஸ் போடுங்கள் என்று எழுதியிருக்கிறார். கவனமாக இருங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கொண்டுவந்தது, 2007-இல் 24 வயது வரை நீட்டித்தது. அதற்கு மேற்பட்ட வயதில் அந்தக் கூடுதல் ஆபத்து ஆய்வுகளில் தென்படவில்லை. தம்பிக்கு 26. மாத்திரை கொடுத்ததே தப்பு என்ற வாதம் அநேகமாக நிற்காது. புதிதாகத் தொடங்கியோ அளவை மாற்றியோ விட்டு, அடுத்த சில வாரங்களுக்குச் சரியாகக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது எந்த வயதிலும் நிற்கக்கூடிய வாதம்.

எங்கே போவது என்றால், காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி கிடையாது, சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போக வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து எந்த ஆணையம் என்று முடிவாவதில்லை, நீங்கள் கட்டிய கட்டணத்தை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இறந்தவரின் சட்டபூர்வ வாரிசு மனு கொடுக்கலாம். தம்பிக்குத் திருமணம் ஆகவில்லை என்றால் அது பெரும்பாலும் அம்மாவாக இருக்கும். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் மன்னிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் அதை நம்பி உட்காராதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போலீஸ் வழக்கு வேண்டுமா என்று கேட்டால், என் கருத்து வேண்டாம் என்பது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் மருத்துவ அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. ஆனால் அது மருத்துவ நடைமுறை ஒன்றைச் செய்யும்போது நேர்ந்த மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்கு அனுப்பிய முடிவு அதற்குள் வருமா என்பதே வாதத்துக்குரியது. அதோடு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு, குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும், வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தும் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. தற்கொலைக்குத் தூண்டியதாகப் புகார் கொடுக்கச் சொல்பவர்களை ஒதுக்கிவிடுங்கள், இங்கே அது பொருந்தவே பொருந்தாது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுப்பது தனி வழி. இழப்பீடு கிடைக்காது, டாக்டர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

நுகர்வோர் ஆணையத்தில் நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயிற்றுக்குள் கத்தரிக்கோலை விட்டுத் தைத்தது மாதிரியான வழக்குகளுக்கு அது சரி. மனநல வழக்கில் நிபுணர் இல்லாமல் நகர முடியாது. ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் எழுத மாட்டார் என்று பேசிக்கொள்வதில் உண்மை இல்லாமல் இல்லை, அதே ஊர்க்காரர் என்றால் இன்னும் கஷ்டம். வேறு மாவட்டத்தில், முடிந்தால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, வழக்கு போடும் முன்பே ஒரு கருத்து வாங்குங்கள். அவர் “இதில் ஒன்றுமில்லை” என்றால் அதையும் காதில் வாங்குங்கள். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் வருடக்கணக்கில் போகும். மேல்முறையீடுகள் தனி. நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பீடுகளில் ஒன்று வழங்கப்பட்ட மருத்துவ அலட்சிய வழக்கில், மரணம் 1998-இல், தொகை முடிவானது 2013-இல்.

வழக்குக்கு வெளியே ஒன்று சொல்ல வேண்டும். பல குடும்பங்களுக்கு உண்மையில் வேண்டியிருப்பது, அன்றைக்கு என்ன நினைத்து அனுப்பினீர்கள் என்பதற்கு நேருக்கு நேர் ஒரு பதில். வக்கீல் நோட்டீஸ் போன மறுநிமிடம் அந்தப் பதில் கிடைக்கும் வாசல் மூடிவிடும், இன்ஷூரன்ஸ்காரர்களும் வக்கீலும் டாக்டரைப் பேசவே விடமாட்டார்கள். எங்கள் தொழிலில் இந்த ஊமைத்தனம் பெரிய கெடுதல் என்று நான் நினைக்கிறேன். நோயாளி போய்விட்டால் வீட்டாரின் போனை எடுக்காத டாக்டர்களே பாதி வழக்குகளை உண்டாக்குகிறார்கள். ஆகவே கேஸ் ஷீட்டை வாங்கிய பிறகு, நோட்டீஸுக்கு முன், ஒரு முறை சந்திக்க நேரம் கேட்டுப் பாருங்கள். குரல் உயர்த்தாத ஒரு உறவினரைக் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், மறுத்தால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, “நான்தான் கொன்னுட்டேன்” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கெஞ்சினார், சட்டமும் டாக்டரும் கேட்கவில்லை. அதற்குமேல் அவர் கையில் எதுவும் இருக்கவில்லை. இதை அவரிடம் ஒரு முறை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டில் மற்றவர்களுக்கும் ஆபத்து கூடும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம், ஆகவே அவரை வேறொரு மனநல மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப் போங்கள். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நீங்களும் பேசலாம். வழக்கு இரண்டு மாதம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, கெடு இருக்கிறது. கேஸ் ஷீட் விண்ணப்பம் மட்டும் நாளைக்கே போகட்டும்.

கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் சந்தேகம் இருந்தால் இங்கே கேளுங்கள். சேர்க்கைப் படிவம் 86-ஆ 89-ஆ, டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு நாள் நர்ஸ் நோட்ஸ், டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எழுதியது, இந்த மூன்றையும் பெயர்களை அடித்துவிட்டுத் தட்டச்சு செய்து போட்டால் என்னால் இன்னும் உருப்படியாகப் பேச முடியும். டாக்டர் பெயரும் மருத்துவமனை பெயரும் பொதுவெளியில் வேண்டாம், உங்கள்மீதே ஒரு மானநஷ்ட வழக்கு வரும். முதல் பதிவில் ஊர்ப் பெயரோடு இருக்கும் அந்த ஒரு வரியையும் நீக்கிவிடுங்கள்.